தவசிலிங்கத்தின் தாடி

ஆலங்கிணற்றில் செத்துப்போனவர்களுக்கு வயசாகும். மற்ற ஊர்களில் இருபது வயதில் செத்தவன், தம்பி மகன் தாத்தாவான பிறகும் சுவரில் அரும்பு மீசையோடு மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருப்பான். ஆலங்கிணற்றில் அந்தச் சலுகை கிடையாது, சண்முகக்கனி கையால் வரைந்த படமென்றால் அதிலிருக்கிறவருக்கு நரை விழும், கன்னம் ஒட்டும், ஆண்பிள்ளையானால் படத்தின் கண்ணில் கருமணி வைத்த மறுநாள் காலையிலேயே முகவாயில் சொரசொரவென்று தாடி முளைத்திருக்கும். இது எப்படி என்று விசாரிக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். ஊர்க்காரர்கள் யாரும் விசாரிக்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோன கரிசல்காடு அது, இன்னொரு கேள்வி கேட்க அதற்குத் தெம்பில்லை.

கனி பிறக்கும்போதே தூரிகையோடு பிறந்தவள் அல்ல. கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் கோலத்துக்குப் புள்ளி வைக்கக்கூடப் பொறுமை கிடையாது. புருஷன் தவசிலிங்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘தவசி ஆர்ட்ஸ்’ என்று கடை போட்டு, கடைகளுக்கு போர்டும் லாரிகளுக்கு நம்பரும் எழுதிக்கொண்டிருந்தான். அவன் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான், அவள் உள்ளே வண்ணம் நிரப்புவாள், அவன் திரும்பி வரும்போது மயில் தோகையை விரித்திருக்கும், பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கும். “உன் கோட்டை விட உம் பொண்டாட்டி கலருதான்யா நின்னு பாக்கச் சொல்லுது” என்று வாடிக்கைக்காரர்கள் அவனிடமே சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம். மகள் ஜெயசுதா பால்குடி மறக்காத பிள்ளையாய் இருந்தபோது, ஒரு வைகாசியில், மதுரைக்குப் போய்ப் பெயிண்ட் வாங்கி வருகிறேன் என்று தவசிலிங்கம் பஸ் ஏறினான். பஸ் மட்டும் சாயங்காலம் திரும்பி வந்தது.

லாரியில் அடிபட்டுச் செத்தான் என்றார்கள், திருப்பூரில் பார்த்தோம் என்றார்கள், பார்த்தவன் கையைப் பிடித்துக் கேட்டால் அவனைப் போல ஒருத்தன் என்றார்கள். கனி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பொம்பளை ஏணியில் நிற்கிறாள் என்று பஸ் ஸ்டாண்டே அண்ணாந்து பார்த்தது. அவளோ கீழே பார்க்காமல் உரக்கடைக்கு நெற்கதிரும் பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சரஸ்வதியும் கோயில் கொடைக்கு அம்மனும் வரைந்து தள்ளினாள், பார்த்தவர்களுக்குக் கழுத்து வலித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அண்ணாந்து பார்த்த ஊரே பிறகு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பெயர்ப்பலகையில் மட்டும் தவசியின் பெயரை அவள் மாற்றவில்லை.

ரைஸ்மில்காரர் வீட்டுப் பையன் செல்வம் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்தபோதுதான் அவள் முதல் படத்திறப்புப் படம் வரைந்தாள். அந்தப் பக்கத்தில் ஒருத்தர் செத்தால் பதினாறாம் நாள் விசேஷத்தில் அவர் படத்தைத் துணியால் மூடி வைத்து, பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கண்ணில் கருமணி வைக்கவேண்டும் என்பது கனி தானாகவே வைத்துக்கொண்ட முறை. அம்மனுக்குக் கடைசியில் கண் திறப்பது போல மனுஷருக்கும் திறந்தால் என்ன என்று நினைத்தாள், அவ்வளவுதான். படம் திறந்து கொஞ்ச நாளில் செல்வத்தின் அம்மா சீதாலட்சுமி வந்தாள்.

“ஏ கனி, எம் மகனுக்கு நீ மீசை போட்டியா?”

“இல்லக்கா, போட்டோவுல இருந்தபடிதான் போட்டேன்.”

“இப்ப நல்லா முளைச்சிருக்கு. அவுக அப்பா மாதிரியே ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கி. தாடியும் மண்டிப் போச்சு. விட்டா சாமியார் மாதிரி ஆயிருவான், வந்து கொஞ்சம் சரி பண்ணிக் குடு தாயி.”

கனி போனாள், பார்த்தாள், பெயிண்டைக் கரைக்கிற டர்பன்டைனில் துணியை நனைத்துத் தாடியைத் துடைத்தெடுத்தாள், அம்மா கேட்டபடி மீசையை விட்டாள். அன்றிலிருந்து ஊர் இதைத் தன் வழக்கங்களோடு சேர்த்துக்கொண்டது. கனி வாரா வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய்ப் போய்ப் படங்களுக்குச் சவரம் செய்தாள். செவ்வாயும் வெள்ளியும் படத்துக்கும் சவரம் ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், ஆகாது என்று வைத்துக்கொண்டார்கள். சின்ன வயதில் செத்த பிள்ளைகள் வளர்ந்து சட்டை பிடித்தபோது பெரிய சட்டை வரைந்து கொடுத்தாள். புருஷனைப் பறிகொடுத்த கண்டக்டர் மனைவி, உயிரோடு இருந்தபோது தன் நரையைக் கேலி செய்தவனுக்கு முன்வழுக்கை விழுவதைத் தினமும் காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்த்தாள். கிழவிகளாகச் செத்தவர்கள் படத்திலும் தளர்ந்து தளர்ந்து ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்கு மறுபடி தீட்டா என்று பஞ்சாயத்தில் பேசி, ஒரு தடவை தலைக்குக் குளித்தால் போதும் என்று முடிவு கட்டினார்கள். படத்தில் பதினெட்டு முடிந்தவர்களை ஓட்டுப் பட்டியலில் சேர்க்க வழியுண்டா என்று ஒரு கட்சிக்காரர் கேட்டாராம், அது மட்டும் நடக்கவில்லை.

கனியின் பேர் வெளியே போனது. கலெக்டர் கையால் கேடயம் வாங்கினாள். சென்னையில் கண்காட்சி வைத்தார்கள். அங்கே வந்தவர்கள் அவள் படங்களுக்கு முன்னால் நின்று காலம், நினைவு என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, படத்திலிருந்தவர்களுக்குத் தாடி வளர்ந்துகொண்டிருந்தது, ஒருத்தரும் கவனிக்கவில்லை.

வினை வந்தது பலகாரக்கடை வீட்டு முருகேசன் ரூபத்தில். பம்பாய்க்குப் போனவனிடமிருந்து தகவலே இல்லை என்று அழுது முடித்து, காரியமும் செய்து, படமும் திறந்தார்கள். அந்தப் படத்துக்குத் தாடி முளைக்கவில்லை. கனிக்குக் கை தவறிவிட்டது என்று ஊர் பேசியது, அவளே அப்படித்தான் நினைத்தாள். பிறகு ஒரு பொங்கலுக்கு முருகேசன் பெட்டியோடு பஸ்ஸில் வந்திறங்கி, தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். “உசுரோட இருக்கவனுக்கு வெளியிலதான் வயசாகுதே, படத்துலயும் எதுக்கு ஆகணும்?” என்றார் கோயில் பூசாரி. சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு காணாமல் போனவர்களின் போட்டோக்களைத் தூக்கிக்கொண்டு நாலா பக்கத்திலிருந்தும் வந்தார்கள், கனி வரைந்தாள், காலையில் முகவாயைத் தடவிப் பார்த்துச் சிலர் அழுதுகொண்டும் சிலர் சிரித்துக்கொண்டும் போனார்கள், போகும்போது எல்லோருமே திரும்பி அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் குறி சொல்கிறவள் தன் புருஷனுக்கு ஏன் பார்க்கவில்லை?

அவள் பார்க்கமாட்டாள். அவனுக்குத் தாடி முளைத்தால் அவன் செத்துப்போனான், இத்தனை வருஷமும் அவள் நெஞ்சுக்குள் திட்டித் தீர்த்தது ஒரு செத்த மனுஷனை. முளைக்காவிட்டால் அவன் உயிரோடு இருக்கிறான், எங்கேயோ சோறு தின்று, எங்கேயோ தூங்கி எழுந்து, அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்று தெரிந்தே வராமல் இருக்கிறான். இரண்டில் எது வந்தாலும் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். வரையாமல் இருக்கிறவரைக்கும் அவன் மதுரைக்குப் பெயிண்ட் வாங்கப் போயிருக்கிறான். நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது, நாத்தனார் அன்னபாக்கியம் வெள்ளிதோறும் பூ வாங்கி வந்து வைத்துவிட்டாள், ஏனென்றால் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்பது அவளுக்குச் சாமி சத்தியம்.

ஜெயசுதாவுக்கு மாப்பிள்ளை அமைந்ததும் அவள் சாத்தி வைத்திருந்த அந்தக் கதவும் திறந்தது. மாப்பிள்ளை ரவிச்சந்திரன் மில் வேலை, நல்ல பையன், பெண்ணைப் பிடித்திருந்தது. அவன் அம்மா தங்கபுஷ்பம்தான் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுக்கப் போறது யாரு சம்மந்தி?”

“நான்தான்.”

“நீங்க சரி. சோடியா உக்காரணும்ல. அவுக இருக்காகளா இல்லையா? இருக்காகன்னா நீங்க சுமங்கலி, உக்காருங்க, நான் வேண்டாங்கல. இல்லைன்னா உங்க நாத்தனாரும் அவுக வீட்டுக்காரரும் உக்காரட்டும், அதுவும் முறைதான். ரெண்டும் இல்லாம அந்தரத்துல நிக்கிற கையால என் மகனுக்குப் பொண்ணு எடுக்க எனக்குப் பயமா இருக்கு. உங்க கையில வித்தையை வச்சுக்கிட்டு ஏன் தெரியாமக் கெடக்கணும்?”

கனி வாயைத் திறப்பதற்குள் அன்னபாக்கியம் முந்திக்கொண்டாள். “வரைங்க மயினி. அண்ணன் இருக்காரு. எனக்குத் தெரியும். ஊரு வாயை அடைங்க.”

முடியாது என்று கனி எழுந்து அடுப்படிக்குப் போனாள். இந்தச் சம்பந்தம் போனால் போகட்டும் என்றுகூட நினைத்தாள். ஜெயசுதா பின்னாலேயே வந்தாள், அம்மாவின் பெயிண்ட் படிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“பள்ளிக்கூடத்துல சேக்கும்போது அப்பா எங்கன்னு கேட்டாக. மதுரைக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன். எனக்குத் தெரியணும்மா.”

கனி அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அவனுடைய முகம் இருந்தது கல்யாணப் போட்டோவில் மட்டும்தான், அதிலும் மீசையைக்கூட மழித்துவிட்டு எங்கேயோ ஓரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். கனி வெளி வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு வரைந்தாள். காது வந்தது, வலது புருவத்துத் தழும்பு வந்தது, அவன் சிரிக்கும்போது உதடு கோணுகிற கோணல் வந்தது. கையே மறக்காமல் வைத்திருந்ததைப் பார்த்து அவளுக்கே கை மேல் கோபம் வந்தது. கண்ணைத் திறந்த அன்று தெருவே வந்து நின்றது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் அன்னபாக்கியம் முதலில் உள்ளே போனாள், அவளுக்குப் பின்னால் தங்கபுஷ்பம் விரலை நீட்டிக்கொண்டு போனாள். முகவாய் வழவழவென்று இருந்தது. ஒருநாளை நம்பக்கூடாது என்றார்கள், ஒரு வாரம் பார்ப்போம் என்றார்கள். அந்த வாரம் பூராவும் பால்காரர்கூட முதலில் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாலை ஊற்றினார். கனிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மயிர், ஒரே ஒரு மயிர் முளைத்துவிடாதா என்று ஒவ்வொரு காலையும் அந்த முகவாயைப் பார்த்தாள், பார்த்தபிறகுதான் தான் எதை வேண்டிக்கொள்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

முளைக்கவில்லை. அன்னபாக்கியம் தெருவில் வெடி போட்டாள். தங்கபுஷ்பம் ஒரு கூடை மல்லிகையோடு வந்து, “தீர்க்க சுமங்கலி நீங்க, உங்க கையாலயே குடுங்க” என்று கனியின் தலையில் தானே பூவை வைத்தாள். பார்த்தவர்களெல்லாம் அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள், உன் நல்ல மனசுக்குத்தான் என்றார்கள். அவள் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். எங்கேயோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கண்ணாடிக்கு முன்னால், தவசிலிங்கம் தினமும் முகத்தைச் சவரம் செய்துகொண்டிருக்கிறான் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. செத்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பாள்.

கல்யாணத்தன்று மணமக்கள் பெயர்ப்பலகையைக் கனியேதான் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதி முடித்தாள். பெட்டியை மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பட்டுச்சேலை மாற்றி வந்து பார்த்தால், மணையில் அவள் பக்கத்தில் தவசிலிங்கத்தின் படத்தை நிமிர்த்தி வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். சோடியாக உட்காரவேண்டும் அல்லவா, ஊர் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டது. கனி உட்கார்ந்தாள். ஐயர் படத்தின்மேல் கையை வைக்கச் சொன்னார். கல்யாணப் போட்டோவில் இருந்த அதே வயது, அதே வழவழப்பு, எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைவிட இளசாக இருந்தான். முன்வரிசையில் யாரோ ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதில் சொன்னது மேளத்தையும் மீறிக் கேட்டது.

“கனிக்கு மகன் மாதிரியில்ல இருக்காக.”

சுற்றிலும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, கல்யாண வீட்டுச் சிரிப்புதான். ஆனால் கனிக்குள் இத்தனை வருஷமாய் ஏணிப்படியிலும் அடுப்படியிலும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாய்க் கிளம்பியது. அவள் எழுந்தாள். மேடைக்குப் பின்னால் போனாள், பெட்டியோடு வந்தாள், மாலையை எடுத்து ஓரமாய் வைத்தாள்.

“முகூர்த்தம் போறதும்மா” என்றார் ஐயர்.

“போகாது சாமி, சின்ன வேலைதான்.”

மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். கனி மெல்லிய தூரிகையால் முகவாயில் புள்ளி புள்ளியாய்த் தாடி வைத்தாள், வெள்ளையைத் தொட்டுக் காதோரம் நரை வைத்தாள், கன்னத்தில் குழியும் கண்ணுக்குக் கீழே பையும் போட்டாள். மேலுதட்டுப் பக்கம் போகவில்லை, அதற்கு நேரமில்லை.

“தாடி முளைச்சிருச்சு” என்றாள், சபையைப் பார்த்து. “என் வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு.”

“மயினி!” அன்னபாக்கியம் மேடைக்கு ஓடி வந்து கையைப் பிடித்தாள். “உசுரோட இருக்கவருக்கு இப்படியா செய்வீக? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?”

“இருந்துச்சு பாக்கியம். காஞ்சு போச்சு.”

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். “செத்துட்டாருன்னா நீங்க மணையில இருக்கக் கூடாது. எந்திரிங்க. பாக்கியத்தை உக்காரச் சொல்லுங்க. இல்ல, எம் மகனைக் கூட்டிட்டு நான் இப்பவே எறங்கிருவேன்.”

ஜெயசுதா கழுத்து மாலையோடு தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். “என்னை ஏணிக்குக் கீழ தொட்டில் கட்டிப் போட்டு வளத்தது அம்மா. அவுக குடுத்தா நான் கழுத்தை நீட்டுவேன். இல்லைன்னா எந்திரிச்சிருவேன் அத்தை.”

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் ரவிச்சந்திரனைப் பார்த்தார்கள். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் கனியைப் பார்த்து, “உக்காருங்க அத்தை, நேரமாகுது” என்றான். தங்கபுஷ்பம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். படத்தை யாரோ எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். கனி ஒற்றை ஆளாய் மணையில் உட்கார்ந்து, தன் கையால் நீர் வார்த்து, தன் மகளைக் கொடுத்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகி, பசி எடுத்தது.

மறுநாள் காலையில் அன்னபாக்கியம் ஒரு பாட்டில் டர்பன்டைனும் துணியுமாய் வந்தாள். முந்தின நாள் அழுத அழுகையில் முகம் வீங்கியிருந்தது. “அந்தப் பொய்த் தாடியைத் துடைச்சுட்டு எங்க அண்ணனை நான் என் வீட்டுக்குக் கொண்டு போறேன். உங்களுக்கு வேண்டாம்னா எனக்கு வேணும்.”

“கொண்டு போ” என்றாள் கனி. மண்டபத்திலிருந்து வந்த படம் பின்பக்கத்து அட்டையும் கயிறும் தெரிய மூலையில் முகம் திரும்பிக் கிடந்தது. அன்னபாக்கியம் திருப்பினாள். கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“மயினி, மீசையும் நீங்கதான் போட்டீகளா?”

கனி கிட்டே வந்து பார்த்தாள். அவள் தொடவே தொடாத மேலுதட்டில் நரையும் கறுப்புமாய் முளைத்திருந்தது. முகவாயில் அவள் வைத்த புள்ளிகளுக்கு நடுவே வேறு மயிர்கள் எழுந்து சுருண்டிருந்தன. அவள் பாட்டிலைப் பிடுங்கித் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தாள், புள்ளியும் போயிற்று, மயிரும் போயிற்று, பழைய வழவழப்பு வந்தது. இரண்டு பெண்களும் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் ஜன்னலில் ஏறி இறங்கி, தெருவில் பள்ளிக்கூடம் விட்ட சத்தம் கேட்டபோது, தவசிலிங்கத்தின் முகவாய் லேசாய்க் கறுத்திருந்தது. கனி தடவிப் பார்த்தாள். குத்தியது.

அன்னபாக்கியம் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள், கனியைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் அழவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவளைக் குலுக்கினார்கள். கனி ஒவ்வொருத்தி கையாய்ப் பிடித்து, முகத்தைத் திருப்பித் தன்னைப் பார்க்கவைத்துக் கேட்டாள்.

“நான் வெறும் பெயிண்டுதான வச்சேன்? ஏய், சொல்லுங்கடி, வெறும் பெயிண்டுதான வச்சேன்?”